சின்ன விமானத்திலிருந்து குதிக்கப் போகிறவர்கள் கேட்பவை

பெங்களூரில் சின்ன விமானங்களின் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். அது தெரிந்ததும், ஸ்கை டைவிங் போகப் பெயர் கொடுத்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. பையன் கேட்டதையே, அடுத்த வாரம் திருச்சியிலிருந்து யாரோ ஒருவரின் அம்மா போனில் கேட்பார். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். உயரம் என்று சொல்வதெல்லாம் தரையிலிருந்து அளந்தது.

ஸ்கை டைவிங்கும் பாராகிளைடிங்கும் ஒண்ணுதானே அண்ணா? பெங்களூர்லயே பண்ண முடியுமா?

ஒன்றில்லை. பாராகிளைடிங்கில் துணி காற்றில் விரிந்த பிறகுதான் கால் தரையை விட்டுக் கிளம்பும். ஸ்கை டைவிங்கில் விமானத்தில் ஏறி, பத்தாயிரம் அடி போல மேலே போய், கதவைத் திறந்து வெளியே விழுகிறீர்கள். அரை நிமிடம் வெறுமனே விழுவதுதான். ஐந்தாயிரம் அடியை ஒட்டி பாராசூட் விரியும். முதல் தடவை போகிறவர்களைப் பயிற்றுநரின் முன்பக்கம் கட்டி அனுப்புவார்கள். அதற்கு டேண்டம் என்று பெயர். நான் இங்கே சொல்வது பெரும்பாலும் டேண்டம் பற்றித்தான்.

நகருக்குள் வாய்ப்பில்லை. வடக்கே தேவனஹள்ளி விமான நிலையம், எலஹங்காவில் விமானப்படைத் தளம், கிழக்கே எச்.ஏ.எல். விமான நிலையம், நடுவில் ஜக்கூர் விமானத் தளம். இத்தனை பேர் பங்குபோட்டுக்கொண்ட வானத்தில் ஆளைக் கொட்ட யார் விடுவார்கள்? இங்கிருப்பவர்கள் வழக்கமாகப் போவது மைசூர். மண்டகள்ளி விமான நிலையத்தை வைத்து, சாமுண்டி மலை அடிவாரத்தில் முகாம்கள் நடந்திருக்கின்றன. டெல்லிக்காரர்களுக்குப் பக்கத்தில் ஹரியானாவின் நார்னௌல் இருக்கிறது.

வீடியோல பாத்தா பிளேன் ஆட்டோ சைஸ்ல இருக்கு. இதுலயா பத்தாயிரம் அடி போறாங்க?

இதில்தான். பெரும்பாலும் செஸ்னா 182. ஒரே இன்ஜின், 230 குதிரைத்திறன், நான்கு பேர் உட்காருவதற்கென்று செய்தது. 1956லிருந்து இந்த மாதிரி வருகிறது. குதிக்கும் வேலைக்காக, பைலட் இருக்கையைத் தவிர மற்றதைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டுக் கதவை மேல்நோக்கித் திறக்கும்படி மாற்றிவிடுவார்கள். பைலட்டைத் தவிர நான்கு பேர், அதாவது இரண்டு டேண்டம் ஜோடி, கால் மடக்கித் தரையில் உட்காருவார்கள். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் வரை ஆகும்.

வெளிநாடுகளில் பெரிய மையங்களில் செஸ்னா கேரவன் மாதிரி டர்பைன் விமானங்கள் பதினைந்து பேரை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு போகும். விமானம் சின்னது என்பதில் மட்டும் ஆபத்து இல்லை. 182 பொறுமையான, பிழை பொறுக்கும் விமானம். அதில் எவ்வளவு ஏற்றுகிறார்கள், எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறார்கள், யார் ஓட்டுகிறார் என்பவைதான் சங்கதி.

சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். செத்துப்போற வாய்ப்பு எவ்வளவு?

ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பது அமெரிக்கப் பாராசூட் சங்கம். 2023ல் அங்கே சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். அதாவது மூன்றரை லட்சம் குதிப்புக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. டேண்டம் பயணிக்கு இன்னும் குறைவு. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்று அந்தச் சங்கமே சொல்கிறது. இன்னொரு விஷயம், இறப்பவர்களில் கணிசமானவர்கள் பாராசூட் விரியாமல் இறப்பதில்லை. நன்றாக விரிந்த பாராசூட்டில், தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பி மோதுகிற அனுபவசாலிகள் அவர்கள்.

இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லா விளம்பரமும் நடக்கிறது. அதில் ஒரு ஓட்டை உண்டு. 2019க்கு அந்தச் சங்கம் சொன்ன எண்ணிக்கை 15. அதே ஆண்டு ஜூன் 21 அன்று ஹவாயில், குதிக்கக் கிளம்பிய கிங் ஏர் விமானம் ஓடுபாதையை விட்டு ஏறிய கையோடு விழுந்து 11 பேர் இறந்தார்கள். அந்த 11 பேர் இந்த 15ல் இல்லை. அவர்கள் குதிக்கவில்லையே! குதிப்பின் கணக்கு வேறு, விமானத்தின் கணக்கு வேறு. நீங்கள் காசு கொடுப்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

இந்த எண்களெல்லாம் அமெரிக்காவுடையவை என்பதையும் மறக்க வேண்டாம். வாரம் முழுக்கக் குதிப்பு நடக்கும் மையத்தின் பழக்கம் வேறு. எப்போதாவது கூடும் முகாமின் பழக்கம் வேறு.

பாராசூட் விரியலைன்னா?

ஒரு பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது மெயின், இரண்டாவது ரிசர்வ். மெயின் முறுக்கிக்கொண்டாலோ பாதி விரிந்தாலோ பயிற்றுநர் அதை அறுத்துவிட்டு ரிசர்வைத் திறப்பார். அறுப்பது என்றால் கத்தியால் அல்ல. தோள்பட்டையில் மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், கைப்பிடியை இழுத்தால் கழன்றுவிடும். பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களில் கண்டுபிடித்த ஏற்பாடு. இன்றைக்கும் இதை மிஞ்சிய ஒன்று வரவில்லை.

பயிற்றுநரே மயங்கிவிட்டால்? அதற்கு ஒரு தானியங்கிக் கருவி உண்டு. 1991ல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ் என்ற பெயரில் வந்தது பிரபலம். டேண்டம் பையில் இருக்கும் கருவி, சுமார் 1,900 அடியிலும் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டும். உங்கள் பயிற்றுநரின் பையில் அது இருக்கிறதா, இன்று காலை அதை ஆன் செய்தார்களா என்று கேளுங்கள். ரிசர்வை எந்தத் தேதியில், யார் மடித்தார் என்று எழுதிய அட்டையும் பையிலேயே இருக்கும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு தடவை உரிமம் பெற்றவர் பிரித்து மடிக்க வேண்டும் என்பது விதி.

இவ்வளவு இருந்தும் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2012 மார்ச்சில் சேலத்தில், பெங்களூரிலிருந்து போன இளம்பெண் ஒருவர் பாராசூட் விரியாமல் இறந்தார். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் அதை இன்னும் நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம், சிரிக்காதீர்கள்.

அப்ப எல்லாத்துக்கும் ரெண்டாவது ஏற்பாடு இருக்கு. பின்ன எதைப் பத்திக் கவலைப்படறது?

விமானத்தைப் பற்றி. பாராசூட்டுக்கு மாற்று உண்டு, ஆளுக்கு மாற்றாகக் கருவி உண்டு. முதல் ஆயிரம் அடியில் விமானத்துக்கு மாற்று எதுவும் இல்லை. நூறு பேர் கேட்டால் தொண்ணூறு பேர் பாராசூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எப்போதாவது ஒருத்தர்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008ல் இதற்கென்றே ஓர் அறிக்கை போட்டது. 1980லிருந்து அதுவரை, குதிப்பவர்களை ஏற்றிய விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்திருந்தார்கள். காரணங்களைப் படித்தால் எங்கள் ஹாங்கர் (விமானக் கொட்டகை) பேச்சுதான்: சரியான பரிசோதனையும் பராமரிப்பும் இல்லை, எரிபொருள், எடை, வேகம் போன்ற அடிப்படைகளில் பைலட்டுகள் கோட்டை விட்டார்கள், மேலே இருந்து கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை. புரியாத புதிர் எதுவும் அதில் இல்லை.

ஒரே இன்ஜின். அது நடுவானத்துல நின்னுட்டா?

உயரம் இருந்தால் கவலை குறைவு. இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது. 182 பத்தாயிரம் அடியிலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் 25 கிலோமீட்டர் மிதந்து போகும். சாமுண்டி மலைக்கு மேலே நின்றுபோனால் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியும் போகலாம். அதற்குள் நீங்கள் குதித்துவிட்டிருப்பீர்கள், பைலட் ஓடுபாதைக்குத் திரும்பிவிட்டிருப்பார்.

2015 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் டௌப்போ ஏரிக்கு மேலே இதுவே நடந்தது. ஏறும்போதே, இரண்டாயிரம் அடி போல இருக்கையில் இன்ஜின் செத்தது. ஆறு பயணிகள், ஆறு பயிற்றுநர்கள், பைலட் என 13 பேரும் குதித்துப் பிழைத்தார்கள். விமானம் மட்டும் ஏரிக்குள் போனது. அவ்வளவு தாழ்வில் டேண்டம் ஜோடிகள் பிழைத்தது பயிற்றுநர்கள் துளியும் தயங்காததால்.

ஆயிரம் அடிக்குக் கீழே நின்றால் யாரும் குதிக்க முடியாது. எல்லாரும் விமானத்தோடு இறங்க வேண்டும். எந்த உயரத்துக்கு மேலே குதிப்பது, எதற்குக் கீழே உட்கார்ந்திருப்பது என்ற கோட்டை ஒவ்வொரு இடத்திலும் முன்பே வகுத்திருப்பார்கள். ஏறும் முன் உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள். பட்டென்று எண் வர வேண்டும். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றால் அவர் யோசித்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரெண்டு இன்ஜின் பிளேன்னா சேஃப்தானே?

மேலே ஏறிய பிறகு, ஆம். ஏறும் நொடியில், அவ்வளவு உறுதியில்லை. ஒரு பக்க இன்ஜின் மட்டும் இழுத்தால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கவிழப் பார்க்கும். அதைச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும். மேலே சொன்ன ஹவாய் விமானத்துக்கு இன்ஜின் இரண்டு.

உள்ள சீட்டே இல்லையாமே. பெல்ட்டாவது இருக்குமா?

இருக்க வேண்டும். தரையில் கொக்கி போட்ட பட்டை, உங்கள் உடம்பைச் சுற்றிக் கட்டிய வார்களில், அதாவது ஹார்னஸில், மாட்டுவது. வழக்கமாக 1,500 அடி தாண்டியதும் கழற்றச் சொல்வார்கள், ஏனென்றால் அதற்கு மேலே அவசரம் வந்தால் குதிப்பதுதான் வழி. ஹெல்மெட்டும் அதுவரை தலையில் இருக்கட்டும்; கையில் வைத்த ஹெல்மெட் மோதும்போது பக்கத்து ஆள் மண்டையில்தான் போய் நிற்கும்.

2006 ஜூலையில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சல்லிவனில் ஒரு ட்வின் ஓட்டர் ஏறியதும் இன்ஜின் பழுதாகி விழுந்து ஆறு பேர் இறந்தார்கள், இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பட்டைகள் இன்னும் நல்லவையாக இருந்திருந்தால் சிலரின் காயங்கள் குறைந்திருக்கும் என்றார்கள் விசாரித்தவர்கள். பெல்ட் இல்லாத விமானம் என்றால் ஏறாதீர்கள். வாதம் செய்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

உள்ள ஒரு இடத்துல உக்காந்தா நகரவே கூடாதுன்னு மிரட்டறாங்க. சும்மா கெடுபிடியா?

இல்லை. இது எனக்குப் பிடித்த கேள்வி, யாரும் கேட்பதில்லை என்பதால். விமானத்தின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் நிற்கிறது போல எடுத்துக்கொள்ளலாம், சி.ஜி. என்போம். அது ஒரு எல்லைக்குள் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் பின்னால் எல்லாரும் தொற்றிக்கொண்டால் முன்சக்கரம் தூக்குமே, அதுதான் இங்கேயும். சி.ஜி. பின்னால் போகப் போக மூக்கு தானாக மேலே தூக்கும். வேகம் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பைலட் எவ்வளவு முன்னால் தள்ளினாலும் மூக்கு கீழே வராது.

நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாறு அருகே 2010 செப்டம்பர் 4 அன்று ஒரு ஃபிளெட்சர் விமானம் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மாற்றியமைத்த விமானம், ஏற்றிய எடை எங்கே உட்கார்கிறது என்று யாரும் முறையாகக் கணக்குப் பார்க்கவில்லை, சி.ஜி. எல்லைக்குப் பின்னால் இருந்தது. சுவீடனில் உமேயோ அருகே 2019 ஜூலை 14 அன்று ஒன்பது பேர். மேகத்தால் குதிப்பு தள்ளிப்போக, கதவை நோக்கி ஆட்கள் பின்னால் நகர்ந்த நிலையில், வேகம் குறைந்து கட்டுப்பாடு போய், விமானம் வானிலேயே உடைந்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் பாராசூட் இருந்தும், சுழற்சியின் அழுத்தத்தில் கதவை எட்ட முடியவில்லை.

ஆகவே பயிற்றுநர் உங்களை முன்னுக்கு இழுத்து முதுகில் இடித்து உட்கார வைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கதவு திறந்ததும் செல்ஃபி எடுக்க எல்லாரும் பின்னால் குவியக் கூடாது.

என் எடை 98 கிலோ. ஃபார்ம்ல 88ன்னு போட்டா என்ன ஆயிடப்போகுது?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 182க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை, மாதிரிக்கு மாதிரி, சுமார் 1,160லிருந்து 1,400 கிலோ வரை. இருக்கைகளைக் கழற்றிய வெற்று விமானம் 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பைலட் 75. ஒரு டேண்டம் ஜோடிக்குப் பயிற்றுநர் 75, பயணி 80, பை 25, மொத்தம் 180. இரண்டு ஜோடிக்கு 360. இதுவரை 1,235. இன்ஜின் மணிக்கு 50 லிட்டர் போலக் குடிக்கும். நூறு லிட்டர் ஊற்றினால் 72 கிலோ. 1,307 வந்துவிட்டது. பழைய மாதிரி என்றால் இப்போதே எல்லை தாண்டியாயிற்று.

இதில் இரண்டு பேர் பத்துப் பத்து கிலோ மறைத்தால் எங்கே குறைப்பார்கள்? பெட்ரோலில். எடை குறைய வேண்டும் என்று தொட்டுக்கோ தொடைச்சுக்கோ என ஊற்றுகிற பழக்கம் இந்தத் தொழிலில் பழைய வியாதி. எரிபொருள் தீர்ந்து விழுந்த விமானங்கள் மேலே சொன்ன 2008 அறிக்கையிலும் உண்டு. போதாததற்கு நம் பீடபூமி. மைசூர் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு அடிக்கு மேலே. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு, ஓடுபாதையிலேயே அந்த 230 குதிரையில் எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசில் ஏற்றிப் பார்க்காமல் வாயால் எடை கேட்டு எழுதுகிற இடம் எனக்குப் பிடிக்காது.

கதவைத் திறந்தா காத்து உள்ள இருக்கறவங்களை வெளிய இழுத்துடாதா?

இழுக்காது. அது உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய பெரிய பயணிகள் விமானத்தின் கதை. இங்கே உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றே. சத்தமும் குளிரும் அடிக்கும், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து, பையின் கைப்பிடி எதிலாவது மாட்டி, பாராசூட் கதவருகிலேயே விரிவது. 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு கேரவனிலிருந்து இறங்கியவரின் ரிசர்வ் கைப்பிடி, இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகையான ஃபிளாப்பில் மாட்டியது. ரிசர்வ் வெளியே பாய்ந்து வால் பகுதியில் சுற்றிக்கொண்டது. ஆள் விமானத்துக்குப் பின்னால் தொங்கினார். கொக்கிக் கத்தியால் கயிறுகளை அறுத்து, மெயினைத் திறந்து இறங்கினார். பைலட் சேதமான வாலோடு தரை சேர்த்தார். அந்தக் கத்தி கையளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். உங்கள் பயிற்றுநரின் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பட்டா, தொங்கும் ஐ.டி. கார்டு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கீழேயே இருக்கட்டும்.

குதிக்கற நேரத்துல பைலட் என்ன பண்ணுவார்? ஆளுங்க ஒரு பக்கமா தொங்கினா கவிழ்ந்திடாதா?

வேகத்தைக் குறைத்து நேராகப் பிடிப்பார். 182ல் வெளியே சக்கரத்துக்கு மேலே ஒரு படி இருக்கும், இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் நிற்பார்கள். கால் சக்கரத்தில் பட்டால் உருளாமலிருக்க பைலட் பிரேக்கை மிதித்திருப்பார். வெளியே நிற்பவர் காற்றைத் தடுப்பதால் வேகம் இன்னும் விழும். அளவுக்கு மீறிக் குறைந்தால் இறக்கை தாங்காது, ஸ்டால் ஆகும். நல்ல பைலட் அதற்கு முன்பே மூக்கைத் தாழ்த்துவார். புதிதாக உரிமம் வாங்கி மணிக்கணக்குச் சேர்க்க வந்த பையன் செய்வானா என்பதுதான் கேள்வி. இந்த வேலைக்கென்று தனியாகப் பழகினாரா என்று பைலட்டிடமே கேட்கலாம். கோபித்துக்கொள்பவரைவிடச் சிரித்துக்கொண்டு பதில் சொல்பவர் மேல்.

பொண்ணுங்களுக்கெல்லாம் இது ஒத்துவருமா?

ரேச்சல் தாமஸ் என்ற இந்தியப் பெண் 1979ல் குதித்தார். 2002ல் வட துருவத்தில் குதித்தார். 2005ல் பத்மஸ்ரீ. அடுத்த கேள்வி.

பி.பி. இருக்கு, முதுகு வலி இருக்கு. போகலாமா?

டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம்: சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். ஏற அரை மணி நேரம் எடுத்த உயரத்தில் பாதியை அரை நிமிடத்தில் இறங்கினால் காது தாங்காது.

ஆகஸ்ட்ல ஆஃபர் போட்டிருக்காங்க, விலை பாதிதான். போயிட்டு வரலாமா?

ஆகஸ்டில் மைசூர்ப் பக்கம் மேகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பைலட்டுக்குத் தரை தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. மேலே போய்ச் சின்ன ஓட்டை தேடிச் சுற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உமேயோ பதிலில் பார்த்தீர்கள். இன்னொரு பக்கம், காலையில் மேகம் என்று அனுப்பாமல் உட்கார வைத்தால் சண்டை போடாதீர்கள். பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தோம் என்று கூட்டமாக நெருக்குகிற வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நெருக்கடி கடைசியில் பைலட்டின் தலையில்தான் விடியும்.

விமானம் 1970களோட மாடலாம். அம்மா பயப்படறாங்க.

வருஷத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த வகை விமானத்தில் இன்ஜின், ப்ரொப்பெல்லர், குழாய்கள் எல்லாம் குறித்த மணிக்கணக்கில் பிரித்துச் சரிபார்க்கப்படும் அல்லது மாற்றப்படும். ஒழுங்காகப் பராமரித்த ஐம்பது வயது 182 எனக்குப் புதிய அலட்சியத்தைவிட உசத்தி. ஆனால் குதிப்பு வேலை விமானத்தைக் கசக்கும். நாள் முழுக்க முழு வலுவில் ஏறுவது, உடனே இன்ஜினை அடக்கிச் சரசரவென்று இறங்குவது, திரும்பவும் ஏறுவது. சிலிண்டர்கள் சூடாகிச் சட்டென்று குளிரும், வெடிப்பு விடும். கார்புரேட்டர் உள்ள இன்ஜினில், வலுவைக் குறைத்து இறங்கும்போது ஈரக்காற்றால் உள்ளே பனி பிடிக்கும்; பைலட் மறந்தால் இன்ஜின் நிற்கும்.

உலோகம் களைப்பதும் உண்டு. பின்லாந்தின் யாமியார்வியில் 2014 ஏப்ரல் 20 அன்று, ஒருவர் சொந்தமாகக் கட்டிய வகையைச் சேர்ந்த ஒரு விமானத்தின் இறக்கைத் தாங்கி உடைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். மூன்று பேர் வெளியே வந்து பிழைத்தார்கள். தாங்கியில் களைப்பு விரிசல் முன்பே இருந்திருக்கிறது.

"எங்களோடது பிரைவேட் பிளேன்"ன்னு பெருமையா சொல்றாங்க. அது நல்லதா?

இதுதான் கொஞ்சம் சிக்கலான இடம். நம் நாட்டு விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கும் பதிவெண் உண்டு. விமானத் தகுதிச் சான்றிதழில் எந்த உட்பிரிவில் பறக்கலாம் என்று எழுதியிருக்கும். தனியார் உட்பிரிவு என்றால் உரிமையாளர் தன் உபயோகத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம். காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்ட, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையான டி.ஜி.சி.ஏ. தரும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு பராமரிப்பும் கண்காணிப்பும் கடுமையாகும். அதனால்தான் சிலர் அதை விரும்புவதில்லை. "நண்பரோட பிளேன், நீங்க பெட்ரோல் செலவைப் பகிர்ந்துக்கறீங்க, அவ்ளோதான்" என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

2022 ஜூனில் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கை வெளியிட்டது. பாராசூட் குதிப்பும் அதில் வருகிறது. மேலே ஒரு தேசியக் கூட்டமைப்பு, ஆளையும் கருவியையும் பதிவு செய்வது என்றெல்லாம் இருக்கிறது. கேட்க வேண்டியவை: விமானத்தின் பதிவெண், தகுதிச் சான்று இப்போது செல்லுமா, எந்த அனுமதியில் காசு வாங்குகிறீர்கள், பயணிக்குக் காப்பீடு உண்டா. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கானவர்கள் அனுப்பிவிடுவார்கள்.

செத்தாலும் கேக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கறாங்களே. இன்சூரன்ஸ் கிடைக்குமா அங்கிள்?

கையெழுத்து, ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. வழக்கே போடக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 28வது பிரிவு. அலட்சியம் அலட்சியம்தான்.

காப்பீட்டைப் பிரித்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு விலக்கு வாசகம் உண்டு. அது, தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் ஈடுபடுகிறவர்களைத்தான் விலக்குகிறது. வாழ்நாளில் ஒரு தடவை குதிக்கிற ஐ.டி. ஊழியரை அந்த வாசகம் தொடாது. தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. அதில் பாராசூட் குதிப்பையே முழுதாக விலக்கியிருப்பது சாதாரணம். ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

தம்பி, நானும் அவங்கப்பாவும் கூட வரோம். கீழ நின்னு பாக்கலாமா?

பாருங்கம்மா. ஆனால் கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம். சுற்றும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. நேரம் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை நிறுத்தாமலேயே அடுத்த குழுவை ஏற்றும் இடங்கள் உண்டு. அப்போது ஏறுகிறவர்கள் விமானத்தின் வால் பக்கமாகத்தான் வர வேண்டும், மூக்குப் பக்கமாக ஒருபோதும் வரக் கூடாது. பிள்ளை ஏறும்போது திருநீறு பூசிவிட வேண்டும் என்று ஓடிவரும் அம்மாக்களைத் தடுத்து நிறுத்தியது உண்டு. அதை வேனிலிருந்து இறங்கும்போதே முடித்துவிடுங்கள்.

மேல போன பிறகு வேண்டாம்னு தோணிட்டா? தள்ளிவிட்டுடுவாங்களா?

தள்ளக் கூடாது. கதவு திறக்கும் முன் தெளிவாக "வேண்டாம்" என்று சொல்லுங்கள். தலையாட்டினால் சத்தத்தில் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். விமானத்திலேயே கீழே வரலாம், அதில் வெட்கம் இல்லை.

இதில் அனுபவசாலிகளே சில சமயம் மறக்கும் ஒன்று இருக்கிறது. பாராசூட் விரியாத கேள்விக்குச் சொன்ன தானியங்கிக் கருவிக்கு நீங்கள் விமானத்தில் இருப்பது தெரியாது. அது பார்ப்பது உயரத்தையும் இறங்கும் வேகத்தையும்தான். தனியாகப் பழகும் மாணவர்களின் கருவி நொடிக்கு 13 மீட்டர் வேகத்திலேயே வேலை செய்யும். பைலட் வழக்கம்போலச் சரசரவென்று இறங்கினால், ரிசர்வ் விமானத்துக்குள்ளேயே திறக்கலாம். கதவும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று குயின்ஸ்லாந்து பதிலைப் பாருங்கள். எனவே யாராவது குதிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பயிற்றுநர் பைலட்டிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும், பைலட் நிதானமாக இறக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், பெல்ட் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். சொன்னாரா என்று நீங்களும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

பணம் பெரும்பாலும் திரும்பாது. அதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.